படத்தோடு போகும் வீட்டு விலாசம்

18 ஜனவரி 2025, காலை 7.40 (கேள்வி)

என் மகள் வேலை கிடைத்து மலைக்குப் போய் ஓராண்டு ஆகிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் ஒரு சிற்றூரில், காரட் தோட்டத்துக்கு மேலே தனியாக நிற்கும் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். விடிந்ததும் வாசல் புல்லில் உறைபனி படிந்திருப்பதையும், வண்டி இருக்கையில் அது வெள்ளையாகப் பூத்திருப்பதையும் படம் எடுத்துக் கண்ட இடத்திலெல்லாம் போட்டுவிடுகிறாள். கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் வீட்டு விலாசமே ஒளிந்திருக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். இது உண்மையா, வெறும் பயமுறுத்தலா?

18 ஜனவரி, இரவு 9.15 (என் பதில்)

பாதி உண்மை, அந்தப் பாதியே போதும். கதவு எண்ணும் தெருப் பெயரும் படத்துக்குள் இருப்பதில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கின்றன. வரைபடத்தில் அவற்றை ஒட்டினால் வீட்டுக் கூரை தெரியும்.

எக்ஸிஃப் என்ற குறிப்புத் தொகுப்பு, கேமரா எழுதும் ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995-இல் வகுத்த முறை அது. அப்பர்ச்சர் எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு, எந்த நாள், எந்தக் கேமரா என்று எங்களைப் போன்ற படக்காரர்கள் பழைய நோட்டில் கிறுக்கி வைத்ததையெல்லாம் கேமராவே எழுதிக்கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். கைப்பேசிக்குள் ஜிபிஎஸ் வந்த பிறகு, அதே தொகுப்பில் இடத்துக்கென இருந்த கட்டங்களும் நிரம்பத் தொடங்கின. தொட்டபெட்டா உச்சியில் எடுத்த படத்தைத் திறந்தால் வடக்கு 11 டிகிரி 24 நிமிடம், கிழக்கு 76 டிகிரி 44 நிமிடம், அதற்கு மேல் வினாடியும் வினாடியின் பின்னமும் என்று வரிசையாக நிற்கும். அட்சரேகையில் ஒரு வினாடி என்பது ஏறத்தாழ 31 மீட்டர். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி 5 மீட்டர் அளவுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். சில கைப்பேசிகள் கேமரா எந்தத் திசை நோக்கி நின்றது என்பதையும் எழுதிவைக்கும்.

கோத்தகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் அளவுப் படமும் கல்யாண ஆல்பமும்தான் பிழைப்பு. பிறருடைய கோப்புகள் நாள் முழுவதும் என் கணினி வழியாகப் போவதால் இதையெல்லாம் பார்க்க வேண்டியதாயிற்று. அக்கா, மகள் எங்கே போடுகிறாள் என்பதை எழுதுங்கள். பதில் அதைப் பொறுத்தது.

19 ஜனவரி, காலை 6.50

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் என்கிறீர்கள். அப்படியானால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். அவை படத்தை மறுபடி சுருக்கி வெளியிடும்போது இடக்குறிப்பை உதறிவிடுகின்றன. படத்தைத் தரவிறக்கிப் பார்ப்பவருக்கு அது கிடைக்காது. அந்த நிறுவனத்துக்கு மட்டும் கிடைக்கிறது. படத்தோடு வரும் இடத் தகவலைத் திரட்டுவதாக அவர்களே தங்கள் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பும் சுருக்கித்தான் அனுப்புகிறது, ஆகவே அங்கும் இடம் போகாது.

மின்னஞ்சல் இணைப்பு அப்படியல்ல. எடுத்த கோப்பு எடுத்தபடியே போகும். சொந்த வலைப்பூ, சிறிய விற்பனைத் தளங்கள், விடுதிக்காரர்கள் தாங்களே நடத்தும் தளங்கள் ஆகியவற்றில் ஏற்றிய கோப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

19 ஜனவரி, இரவு 10.30

“உங்களுக்கு எப்படித் தெரியும், நடந்திருக்கிறதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கே நடந்தது.

2019-இல், பிலிம் கழுவிய என் இருட்டறையை ஒழித்தேன். பிலிமிலிருந்து படத்தைப் பெரிதாக்கும் பழைய என்லார்ஜர் ஒன்று வீட்டுத் திண்ணையில் கிடந்தது. அதைக் கைப்பேசியில் நான்கு படம் எடுத்து, பழைய சாமான் விற்கும் தளம் ஒன்றில் போட்டேன். “கோத்தகிரி அருகில்” என்பதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. தொலைபேசி எண்ணும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்கு மேலேயுள்ள தேயிலைச் சரிவிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்தார். முழங்காலுக்குக் கீழே செடி கீறிய கோடுகள். “அண்ணா, என்லார்ஜர் இன்னும் இருக்கா?” என்றார். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு, படத்தைத் தரவிறக்கி எண்களை எடுத்து வரைபடத்தில் போட்டதாகப் பெருமையோடு சொன்னார். புள்ளி மேல் சாலைக்கு அருகில் விழுந்ததால் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நேராக இறங்கியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வழி கீழ்ச் சாலையில் இருக்கிறது.

நல்ல மனிதர். தேநீர் குடித்தார், லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், உள்ளே பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டு உதட்டைப் பிதுக்கினார், வாங்காமல் போனார். மலை ஈரத்தில் லென்ஸ் தப்புவது அரிது என்பதை நானே விளம்பரத்தில் எழுதியிருக்க வேண்டும். அவர் போன பிறகு என் மனைவி கேட்டது இவ்வளவுதான்: “அவர் பகலில் வந்தார். வேறு ஒருவன் நாம் ஊரில் இல்லாதபோது வந்தால்?” அன்று இரவு விளம்பரத்தை எடுத்தேன். அதற்குள் படம் எத்தனை பேர் கணினிக்குப் போனதோ, அங்கிருந்து எடுக்க முடியவில்லை.

20 ஜனவரி, மதியம் 1.05

நேற்று எழுதியதில் ஒரு பிழை. வாட்ஸ்அப்பில் இடம் போகாது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டேன். படமாக அனுப்பினால் போகாது. அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் ஒரு பைட்டும் குறையாமல் இடக்குறிப்போடு போகும். டெலிகிராமில் கோப்பாக அனுப்பினாலும் அப்படியே. இதைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. எனக்கு இதில் இரட்டை வெட்கம். “படம் மங்கக் கூடாது, டாக்குமென்டாக அனுப்புங்கள்” என்று வாடிக்கையாளர்களிடம் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்பவனே நான்தான். என் கடைக் கணினியில் கோத்தகிரியின் பாதி வீடுகளுடைய இடம் கிடக்கிறது என்பதை இந்த இழை தொடங்கிய பிறகுதான் யோசித்தேன்.

22 ஜனவரி, இரவு 9.40

“5 மீட்டரோ 50 மீட்டரோ, சென்னையில் என் அடுக்ககத்தில் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன; எவன் கண்டுபிடிப்பான்?” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது அவருக்குச் சரி. ஆனால் இந்த இழையில் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு என்றால் அது இதுதான்: சமவெளி நகரத்தில் கூட்டமே மறைப்பாக இருக்கிறது, மலையில் அந்த மறைப்பு இல்லை.

பாதுகாப்புக்காக எண்களைச் சுருக்கிச் சொல்லலாம் என்ற யோசனையைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். டிகிரியைத் தசமத்தில் எழுதினால், புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் ஏறத்தாழ 11 மீட்டர், மூன்று என்றால் 110 மீட்டர், இரண்டு என்றால் 1.1 கிலோமீட்டர். தியாகராய நகரில் 1.1 கிலோமீட்டர் என்றால் ஆயிரக்கணக்கான கதவுகள். எங்கள் சரிவில் அதே அளவை வைத்தால், நடுவில் ஓர் ஓடை, மேலே கொஞ்சம் சோலை, மீதியெல்லாம் தேயிலை, எண்ணி ஆறு கூரை. அந்த ஆறில் நீல நிறத் தகரக் கூரை ஒன்றுதான். படத்தின் மூலையில் நீலம் ஒரு விரற்கடை தெரிந்துவிட்டால் எண்களுக்கு வேலையே இல்லை. ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும். அங்கே இந்தக் கவலை குறைவு, அறிமுகமில்லாத முகம் தெருவில் நுழைந்தால் பத்துப் பேர் கேட்டுவிடுவார்கள். எஸ்டேட் ஓரத்துத் தனி வீடும், வார இறுதிக்கு மட்டும் திறக்கும் வீடும் அப்படியல்ல. படத்தில் தேதியும் மணியும் இருப்பதால், வீட்டுக்காரர் எந்தெந்த நாளில் அங்கே இருக்கிறார் என்பதை ஒரு வருடப் படங்களை அடுக்கியே சொல்லிவிடலாம்.

அக்கா, உங்கள் மகளுடைய வீடு எந்த வகை என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள்.

23 ஜனவரி, காலை 7.15

மேலே எழுதியதற்கு ஒரு மறுயோசனை. மலையில் வரைபடப் புள்ளி வீட்டைக் காட்டும், வழியைக் காட்டாது. என்லார்ஜர் மனிதர் முழங்கால் கீறி வந்தது அதனால்தான். வரைபடத்தில் நாற்பது மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு வீடுகளுக்குச் சாலை வழியாகப் போக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். இதை ஒரு பாதுகாப்பாகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கரடிக்கு அந்த வழி தெரியும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார்.

25 ஜனவரி, இரவு 8.20

உயரமும் பதிவாகிறதே, சரிவின் எந்த அடுக்கில் வீடு இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லலாமே என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். சொல்லலாம் என்றுதான் நானும் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் பழைய படங்களைச் சரிபார்த்ததில் குழப்பம் வந்தது. தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று பலகையில் எழுதியிருக்கிறது. என் பழைய கைப்பேசி உச்சியிலேயே எடுத்த படத்தில் 2,540 சொச்சம் என்று எழுதியிருக்கிறது. நான் ஏதோ பாதி மலையில் நின்றதைப் போல.

காரணம் வேடிக்கையானது. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாகக் கற்பனை செய்து அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்திருப்பதால், உண்மையான கடல் மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்குக் கீழே நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவு நம் பக்கமும் நீள்வதால், இங்கே வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். சில கைப்பேசிகள் இதைத் திருத்தி எழுதுகின்றன, சில அப்படியே எழுதிவிடுகின்றன. அதற்கு மேல், ஜிபிஎஸ்ஸில் உயரப் பிழை எப்போதும் கிடைமட்டப் பிழையைவிட அதிகம். ஆகவே ஆசிரியர் ஐயா, உயரத்தை நம்பி எவரும் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. கிடைமட்ட எண்கள் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

26 ஜனவரி, காலை 10.00

விடியற்காலை 3.40-க்கு எடுத்த படம் என்று காட்டுகிறது, அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று ஒருவர் பதறியிருக்கிறார். பேய் இல்லை. ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. ஐந்தரை மணியைக் கூட்டினால் காலை 9.10.

26 ஜனவரி, இரவு 9.05

“இதெல்லாம் சாதாரண மனிதர்களுக்கு நடக்காது” என்ற கருத்துக்கு: ஒரு சாதாரண மனிதனுக்கு நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன். சாதாரணம் அல்லாதவர் ஒருவரையும் சொல்கிறேன். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி, 2012-இல் பெலீஸ் நாட்டுக் காவல் துறையிடமிருந்து தலைமறைவாக இருந்தார். அவரோடு பயணம் செய்த இதழாளர்கள் அவரைக் கைப்பேசியில் எடுத்து, ‘யாரோடு இருக்கிறோம் பார்’ என்ற தொனியில் படத்தை இணையத்தில் ஏற்றினார்கள். படத்துக்குள் இடக்குறிப்பு அப்படியே இருந்தது. அவர் குவாதமாலாவில் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. சில நாள்களிலேயே அங்கே பிடிபட்டார். கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர் பக்கத்தில் நின்றும் அந்தக் குறிப்பு நீங்கவில்லை.

அதற்கும் முன்பு, 2007-இல் ஈராக்கில் அமெரிக்கப் படைத்தளம் ஒன்றுக்குப் புதிய ஹெலிகாப்டர்கள் வந்தபோது, வீரர்கள் இடக்குறிப்போடு கூடிய படங்களை இணையத்தில் போட்டார்கள். எதிராளிகள் அதை வைத்துக் குறிபார்த்து நான்கு ஹெலிகாப்டர்களை அழித்ததாக அமெரிக்க ராணுவமே பின்னர் எச்சரிக்கையாகச் சொன்னது. சிரிக்க வேண்டுமானால், 2014-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர், பொதுவில் கிடைத்த பத்து லட்சம் பூனைப் படங்களை அவற்றின் இடக்குறிப்பைக் கொண்டு உலக வரைபடத்தில் பொருத்திக் காட்டினார். பூனை இருக்கும் இடத்தில் பூனைக்காரரும் இருப்பார் என்பதை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

29 ஜனவரி, இரவு 10.10

செய்முறை கேட்டவர்களுக்கு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கேமராவைத் திறந்து பற்சக்கரக் குறியைத் தொட்டால், இருப்பிடத்தைச் சேமிப்பது பற்றிய ஒரு வரி இருக்கும். அதை அணைக்க வேண்டும். ஐபோனில் அமைப்புகள், தனியுரிமை, இருப்பிடச் சேவைகள் என்று போய்க் கேமராவுக்கு ஒருபோதும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஐபோனில் படத்தைப் பகிரும் திரையின் மேலேயே ‘விருப்பங்கள்’ என்று சிறிதாக ஒன்று இருக்கும். இடத்தை அந்த ஒரு முறை மட்டும் நீக்கி அனுப்ப அது போதும். விண்டோஸ் கணினியில் படத்தின் மேல் வலது சொடுக்கில் பண்புகளைத் திறந்து, விவரங்கள் பக்கத்தின் அடியில் தனிப்பட்ட தகவலை நீக்கும் இணைப்பைச் சொடுக்கலாம். கூகுள் போட்டோஸில் ஆல்பத்தை இணைப்பாகப் பகிர்பவர்கள், அந்த ஆல்பத்துக்கென்றே இடத்தைக் காட்டவா வேண்டாமா என்ற பொத்தான் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அணைத்தால் இனி எடுக்கும் படங்களுக்குத்தான் அணைந்தது. எடுத்து வைத்திருக்கும் பத்தாயிரமும் முன்பு போலவேதான் இருக்கும். இதைப் பலர் மறக்கிறார்கள். கிராப் செய்தால் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கும் அதே பதில்: வெட்டுவது படத்தை, குறிப்பை அல்ல. திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்தால் இடம் வராது. அது ஏழையின் வழி, ஆனாலும் வேலை செய்யும். வீடியோக்களும் இடத்தைச் சுமக்கின்றன.

30 ஜனவரி, இரவு 11.20

நூற்றுக்கணக்கில் நீக்க என்ன வழி என்றால், ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள். கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும், அதற்குப் பயப்படாதவர்களுக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் என் அனுபவத்தைக் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். போன ஆண்டு ஒரு குடும்பத்தின் வளைகாப்புப் படங்களை அவர்கள் கேட்டபடி இடம் நீக்கிக் கொடுத்தேன். அந்த மென்பொருள் முன்ஜாக்கிரதையாக, திருத்தாத பழைய கோப்பை வேறு பெயரில் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் திருத்தும். நான் கோப்புறையை மொத்தமாகப் பென் டிரைவில் இழுத்துப் போட்டேன். சுத்தமானது நாற்பது, அசல் நாற்பது, எண்பதும் போய்ச் சேர்ந்தன. அந்தக் குடும்பத்துத் தம்பி மறுநாள் கடைக்கு வந்து, “அண்ணா, ஒவ்வொரு படமும் ரெண்டு ரெண்டா இருக்கே” என்றான். பிரிண்டுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

4 பிப்ரவரி, இரவு 9.30

வேறொரு வகையை யாரும் குறிப்பிடவில்லை. படத்தின் அடியிலேயே சிறு வரைபடம், ஊர்ப் பெயர், அட்ச தீர்க்கம், தேதி, நேரம் எல்லாவற்றையும் வெள்ளை எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும் கேமரா செயலிகள். களப்பணிக்குப் போனதற்குச் சான்றாக அலுவலகங்கள் இதைக் கேட்கின்றன. கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் அடித்தளம் முதல் கூரை வரை ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறிப்போடு படம் வேண்டும். அது நியாயமானது, கட்டாத வீட்டுக்குப் பணம் போகாமல் இருக்க அது உதவுகிறது. நியாயமில்லாதது, அந்தப் படம் அலுவலகத்துக்குப் போவதோடு நிற்காமல், வாழ்த்துச் செய்திகளும் கோலப் போட்டிகளும் ஓடும் வாட்ஸ்அப் குழுவிலும் விழுவது.

சென்ற வாரம் அப்படி ஒரு படம் எனக்குப் பிரிண்டுக்கு வந்தது. தனியாக வசிக்கும் வயதான அம்மா ஒருவர், புதிய வீட்டுக் கதவின் முன் நிற்கிறார். கதவில் இன்னும் பூட்டு மாட்டவில்லை, தாழ்ப்பாளுக்குப் பதில் கயிறு. அடியில் ஆறு தசம இலக்கம் வரை இடம். அனுப்பியவரிடம் இது எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று கேட்டேன். இருநூறு பேர் கொண்ட குழு என்றார். இதில் எக்ஸிஃப் நீக்கி ஒரு பயனும் இல்லை, எண்கள் படத்தோடு படமாக இருக்கின்றன. அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். முந்தைய குறிப்பில் வெட்டினால் போகாது என்று எழுதினேன், இங்கே வெட்டினால்தான் போகும். சிலர் இரண்டையும் வைத்து அனுப்புகிறார்கள்.

9 பிப்ரவரி, மதியம் 3.00

வீட்டை விட்டுக் காட்டுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சோலையின் ஓரத்தில் ஒரு பறவையின் கூட்டைப் பார்த்தேன். எந்தப் பறவை, எந்தச் சோலை என்று இங்கும் எழுத மாட்டேன். பறவை பார்க்கும் நண்பர் ஒருவருக்குத் தரம் குறையக் கூடாது என்று அசல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர் நல்லெண்ணத்தோடு இன்னொருவருக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, கூட்டுக்கு எதிரே புல் வட்டமாக மிதிபட்டிருந்தது. முக்காலிக் கால்கள் ஊன்றிய குழிகள் எண்ணும்படி இருந்தன. மறைப்பாக இருந்த கிளையை யாரோ நாரால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கூட்டில் ஒன்றும் இல்லை. பறவை தானே விட்டுப் போனதா, பாம்பு தின்றதா என்று சொல்ல முடியாது. ஆனால் கிளையைக் கட்டியது பாம்பு அல்ல.

தென்னாப்பிரிக்கக் காப்பகங்களில் காண்டாமிருகத்தைப் படம் எடுப்பவர்கள் இடக்குறிப்பை அணைக்க வேண்டும் என்று பலகை வைத்த கதையை அதற்குப் பிறகுதான் படித்தேன். கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் இதற்கு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது. அருகிவரும் உயிரினம் என்றால், உண்மையான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து, 0.2 டிகிரிப் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் புள்ளியை வைத்துவிடும். ஏறத்தாழ 22 கிலோமீட்டர். ஊட்டியும் கோத்தகிரியும் சேர்ந்தே அடங்கக்கூடிய அகலம். வீட்டுக்குப் பயன்படாத சுருக்கம் கூட்டுக்குப் பயன்படுவது இந்த அளவில்தான்.

16 பிப்ரவரி, இரவு 10.45

நான்கு வாரமாக எல்லாரையும் அணைக்கச் சொல்லிவிட்டு, நேற்று என் கைப்பேசியில் அதை மறுபடி போட்டுவிட்டேன். காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2006-இல் குறிஞ்சி பூத்தபோது பிலிமில் எடுத்த படங்கள் ஒரு டப்பா இருக்கின்றன. பிரிண்டின் பின்புறம் பென்சிலால் “பெரிய பாறைக்கு மேல், இடதுபுறம்” என்று எழுதியிருக்கிறேன். எந்தப் பெரிய பாறை? அன்று எனக்கு ஐயம் இருந்திருக்காது. 2018-இல் மறுபடி பூத்தபோது அந்தச் சரிவைத் தேடி இரண்டு நாள் அலைந்து, கிடைக்காமல் வேறு சரிவை எடுத்துவிட்டு வந்தேன். 2018-இன் படங்களில் எண்கள் இருக்கின்றன. 2030-இல் முழங்கால் ஒத்துழைத்தால் நேராக அங்கே போய் நிற்பேன். மழைக்காலத்தில் சாலை சரிந்து கிடக்கும் இடத்தைத் தீயணைப்புத் துறைக்குச் சொல்வதற்கும், காட்டெருமை பயிரை மேய்ந்த வயலைக் காட்டுவதற்கும் அந்த எண்களைப் போல உதவுவது வேறில்லை.

ஆகவே முன்பு எழுதியதைத் திருத்துகிறேன். எடுக்கும்போது இடம் பதிவாகட்டும். படம் வீட்டு வாசலைத் தாண்டும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். பிரிண்டின் பின்புறப் பென்சில் எழுத்து என் டப்பாவுக்குள் இருந்தவரை எவருக்கும் தீங்கில்லை. ஆனால் கழற்ற மறப்பவர்களுக்கு, அதாவது நான்கில் மூன்று பங்கு வாடிக்கையாளர்களுக்கும், அக்காவின் மகளுக்கும், அணைத்து வைப்பதே மேல். இதில் முரண்பாடு இருப்பதாக ஒருவர் எழுதப்போகிறார், இருக்கிறது.

18 பிப்ரவரி, காலை 7.00

சட்டம் காப்பாற்றாதா என்ற கேள்விக்கு: 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் ஒருவர் தம் தகவலைத் தாமே பொதுவில் வெளியிட்டால், அந்தத் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. என் என்லார்ஜர் படத்தை ஏற்றியது நான்தான்.

23 பிப்ரவரி, இரவு 9.50

அக்கா தன் மகள் எடுத்த படத்தைச் சோதிக்கச் சொல்லி அசலாக அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தேன். இடக்கட்டம் காலி, அம்மாவின் தூக்கத்துக்காக அணைத்துவிட்டதாக அந்தப் பெண் ஒரு வரியும் எழுதியிருக்கிறாள். நல்லது.

ஆனால் படத்தையும் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் ரயில் பாதை ஒரு வளைவில் திரும்புகிறது. வளைவில் நீல நிறப் பெட்டிகள். ரயில் அந்தப் பாதையில் ஒரு நாளைக்குச் சில முறைதான் போகிறது, கால அட்டவணை பொதுவில் கிடைக்கிறது, அந்த வளைவு எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இருக்கிறது என்பது இந்த மலையில் ரயில் ஏறிய எவருக்கும் தெரியும். எதிர்ச் சரிவின் மேல்கோடு எந்த மலை என்பதும் தெரிந்தது. அந்தக் கோட்டையும் வளைவையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய வீடுகள் மிகச் சில. எண் இல்லாமலே ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன், எழுத மாட்டேன். வண்டியைத் தோட்டப் பக்கம் திருப்பி நிறுத்தி எடுக்கச் சொன்னேன்.

24 பிப்ரவரி, காலை 8.10

புதிய படம் வந்தது. இந்த முறை இருக்கை மட்டும், உறைபனி மட்டும், அதில் விரலால் வரைந்த ஒரு சிரிக்கும் முகம் மட்டும். இடம் இல்லை, மலை இல்லை, ரயில் இல்லை.

கீழ் ஓரத்தில் எண் பலகையின் மேல் பாதி தெரிகிறது. இங்கே நீலகிரியில் பதிவான வண்டியென்றால் ஊர்க்குறி 43 என்று இருக்க வேண்டும். இது 43 இல்லை. அக்கா, நீங்கள் எந்த ஊர் என்று எனக்கு இப்போது தெரியும். உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.